வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை

நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்க வேண்டும், நானூற்றுப் பதினெட்டுக்கு விற்க வேண்டும். செண்பகவல்லியின் தொழில் அவ்வளவுதான். கேட்பவர்களிடம் பங்குச் சந்தை, தொழில்நுட்பத் துறை, நுண்ணாய்வு என்று கொஞ்சம் ஜோடித்துச் சொல்வாள். சொந்தக்காரர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வார்கள். உண்மையில் மூன்று வருஷமாக அவள் பிழைப்பு அந்த ஆறு ரூபாய் இடைவெளிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பங்கின் பெயர் நிமிர் நியூரோ. நரம்பில் பொருத்துகிற ஏதோ சில்லு செய்யும் கம்பெனி என்ற மட்டில் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் படித்ததில்லை. அந்த 2047-இல் மற்ற தொழில்நுட்பப் பங்குகள் எல்லாம் காலையில் கூரையைத் தொட்டுவிட்டுச் சாயங்காலம் தரையில் கிடந்தன. நிமிர் மட்டும் அசையவில்லை. 412-க்கு இறங்கினால் எங்கிருந்தோ ஆட்கள் வந்து வாங்குவார்கள், ஏறிவிடும். 418-க்குப் போனால் எங்கிருந்தோ வந்து விற்பார்கள், இறங்கிவிடும். சந்தையில் அதற்குக் கோமாப் பங்கு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பெரிய எந்திரங்கள் அதைச் சீண்டுவதே இல்லை.

எந்திரங்கள் என்றால் நிஜமாகவே எந்திரங்கள்தான். சந்தையில் நூறு ஆர்டர் விழுந்தால் தொண்ணூற்றெட்டு அவை போட்டதாக இருக்கும். ஒன்றைப் பார்த்து ஒன்று படித்து, கடைசியில் எல்லாம் ஒரே மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிட்டன. கொஞ்சம் கோணலாக யோசிக்க ஆள் வேண்டுமே என்று சென்னை ஆரக்கால் கேப்பிடல்காரர்கள் சின்ன ஊர்களில் முப்பது மனிதர்களைப் பிடித்துச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். கோவில்பட்டிக்குச் செண்பகவல்லி. கோணலுக்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனைவி உலகத்திலேயே தன் மனைவிதான் என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் சனிக்கிழமைதோறும் வந்து கேலி செய்துவிட்டுப் போவார்.

அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. இருபத்திரண்டு படிகள் ஏற வேண்டும். கீழே பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் டீக்கடை. அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. முன்பு கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் வேலை பார்த்தவர். மேலேயிருந்து விழுந்து முதுகில் பெரிய ஆபரேஷன் ஆகி, அப்புறம் கடை வைத்தார். இன்னொரு ஆளை ஏவாமல் அவரே டீயை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வருவார். "எதுக்கு அண்ணாச்சி, ஒரு குரல் கொடுத்தா நான் இறங்கி வர மாட்டேனா?" என்றால், "படி ஏறுறது எனக்கொரு சந்தோசம் தங்கச்சி, அதைக் கெடுக்காத" என்பார். அது சும்மா சொல்கிற வார்த்தை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆறு ரூபாய்க்குள் ஓடிய பிழைப்பு பதினாலு மாதத்துக்கு முன்னால் திடீரென்று செழித்தது. அதற்குக் காரணம் ஒரு காலண்டர்.

412-இல் வந்து வாங்குகிற அந்த மர்ம ஆட்களை அவள் வெகு நாளாகவே கவனித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வாங்குகிற எண்ணிக்கை விசித்திரமாக இருக்கும். 11, 21, 51, 101. எந்திரம் வாங்கினால் நூறு வாங்கும், ஆயிரம் வாங்கும், கணக்குப் போட்டு 437 கூட வாங்கும். மொய் எழுதுகிற மாதிரி நூற்றொன்று வாங்காது. இது நம்மூர் ஆட்கள் வேலை என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. இன்னொன்று, தினமும் ஒன்றரை மணி நேரம் அவர்கள் காணாமல் போனார்கள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆரக்காலின் எந்திரம் இந்த நேரங்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது. செண்பகவல்லி ஒரு நாள் தேதி கிழிக்க எழுந்தவள், மிட்டாய்க் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தாள்.

ராகு காலம்!

அதற்கப்புறம் எல்லாம் சுலபம். வெள்ளிக்கிழமை பத்தரை அடித்ததும், கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பாள்; சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும். தாங்கிப் பிடிக்க ஆள் இருக்காது. விலை 412-ஐ உடைத்துக்கொண்டு 409, 408 என்று இறங்கும். பன்னிரண்டுக்குள் விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிவிடுவாள். பன்னிரண்டு மணிக்கு மொய்க்காரர்கள் திரும்பி வந்து விலையைத் தூக்கி நிறுத்துவார்கள். வாரம் ஒரு தடவைதான் செய்வாள். தினமும் செய்தால் மற்ற எந்திரங்கள் மோப்பம் பிடித்துவிடும். மூன்று வருஷம் பால் கறந்தவள் அந்த மாட்டின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சென்னை அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, லாபம் எப்படி என்று எல்லோரும் கேட்க, ராகு காலக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டும் வந்தாள்.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு, மேலதிகாரி பிரணவ் சென்னையிலிருந்து கூப்பிட்டான். முப்பது வயதுகூட ஆகாத பையன், ஆனால் மரியாதை தெரிந்தவன்.

"மேடம், உங்க ராகு கால ஐடியாவை எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துட்டோம். அது ஒரு படி மேலே போயிடுச்சு. நாளைக்குப் பத்தரைக்கு நிமிர்ல ஒரு லட்சம் பங்கு விக்கப் போறோம்."

"ஒரு லட்சமா? அவ்வளவு வித்தா விலை எங்க சார் போய் நிக்கும்?"

"முன்னூத்தி எண்பதுக்கு வரும்னு எந்திரம் சொல்லுது. அதுதான் வேணும். தானடைப்புச் சட்டம் தெரியும்ல?"

அவளுக்குப் பெயர் மட்டும் தெரியும். பிரணவ் விளக்கினான். நொடித்துப்போகிற கம்பெனிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டில் இழுத்தடிக்கின்றன என்று அரசாங்கம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தது. ஒவ்வொரு சின்ன கம்பெனிக்கும் ஒரு கடைசி விலை குறித்திருக்கும். பங்கு அதற்குக் கீழே தொடர்ந்து ஒரு மணி நேரம் கிடந்தால் கம்பெனி தானாகவே மூடப்படும். விசாரணை கிடையாது, வாய்தா கிடையாது. சர்வர்களை அணைத்து ஏலம் விட்டுவிடுவார்கள்.

"நிமிருக்குக் கடைசி விலை நானூறு. ஒன்றரை மணி நேரம் வாங்க ஆள் இல்லைன்னு நீங்களே கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கீங்க. நமக்கு ஒரு மணி நேரம் போதும். நாளைக்கு நானூத்திப் பன்னெண்டுக்கு விக்கிறதை, கம்பெனி மூடினதும் ஒண்ணுமில்லாத விலைக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்துடலாம். உங்க பங்கே ஒரு வீடு வாங்குற அளவுக்கு வரும் மேடம்."

"கம்பெனியை மூடிட்டா அந்தச் சில்லு வச்சிருக்கவங்க?"

"வேற யாராவது எடுத்து நடத்துவாங்க. எப்பவும் யாராவது எடுப்பாங்க" என்றான் பிரணவ். "இன்னைக்கு ஒன்றரைக்குச் சின்னதா ஒரு ஒத்திகை பார்க்கிறோம். பயந்துடாதீங்க."

போனை வைத்துவிட்டு அவள் வீட்டைப் பற்றித்தான் யோசித்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இலுப்பையூரணிப் பக்கம் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார்கள். வாசல் கிழக்கே வைப்பதா வடக்கே வைப்பதா என்று கணவரோடு இரண்டு வருஷமாகச் சண்டை. சாப்பிட்டுவிட்டு வந்து திரையின் முன்னால் உட்கார்ந்தபோது மணி ஒன்றரை. சொன்னபடியே ஆரம்பித்தது. 413, 411, 408. ஒன்று நாற்பதுக்கு 404.

அப்போதுதான் படியில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பொன்னுலிங்கம் அண்ணாச்சி பத்தாவது படியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிட விழுந்து கிடந்தார் என்பதுதான் சரி. ஒரு கை கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு கால்களும் யாரோ கழற்றி வைத்தது போலக் கோணலாகக் கிடந்தன. டீ படி படியாக வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி! என்ன ஆச்சு? ஆம்புலன்ஸைக் கூப்பிடுதேன்."

"வேண்டாம் வேண்டாம், பதறாத. கண்ணாடி கிடக்கு, செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது, ஆனாலும் சிரித்தார். "விலை இறங்கிட்டு போல. இப்ப சரியாயிரும்."

அவளுக்குப் புரியவில்லை. "என்ன விலை?"

அண்ணாச்சி சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு, சட்டையைப் பின்னால் லேசாகத் தூக்கிக் காட்டினார். தண்டுவடத்தின் நடுவில், தோலுக்கடியில், ஒரு தீப்பெட்டி அளவுக்குப் புடைப்பு.

"காத்தாலைலருந்து விழுந்தேன்லா, அன்னைக்கே இடுப்புக்குக் கீழ போச்சு. அஞ்சு வருசம் தள்ளுவண்டிதான். அப்புறம் அரசாங்கத் திட்டத்துல இதை வச்சாங்க. நிமிர்னு ஒரு கம்பெனி. மூளை நடன்னு சொல்லுறது இங்கருந்து அவங்க சர்வருக்குப் போயி, அது காலுக்கு உத்தரவு போடும். என்னைய மாதிரி பதினோராயிரம் பேரு இருக்கோம். லாரி டிரைவரு, கொத்தனாரு, பனை ஏறுறவங்க, எல்லாம் விழுந்த கேசுங்க."

"அதுக்கும் விலைக்கும் என்ன அண்ணாச்சி?"

"சர்வரு வாடகைக்குக் கம்பெனிக்காரன் பங்கைத்தான் ஜாமீனா வச்சிருக்கான். பங்கு விலை இறங்குனா சர்வர்காரன் வேகத்தைக் குறைச்சிருவான். ஆளு கிடையாது, அதுவா குறைச்சுக்கிடும். நானூத்திப் பன்னெண்டுக்குக் கீழ போனா கால் கனக்கும். நானூத்தஞ்சுக்குக் கீழ போனா இப்படித்தான், உக்கார வேண்டியதுதான். அதான் நாங்க சங்கம் வச்சிருக்கோம். விலை நானூத்திப் பன்னெண்டுக்கு வந்துச்சுன்னா ஆளுக்குப் பதினொண்ணு, இருபத்தொண்ணுன்னு பங்கு வாங்கித் தூக்கி விட்டுருவோம். நானூத்திப் பதினெட்டுல வித்துருவோம், அடுத்த தடவைக்குக் கையில காசு வேணும்லா? இது வெளிய தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. அதுலயும் மார்க்கெட் ஆளுங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு. நீ தங்கச்சி மாதிரிங்கறதால சொல்லுதேன்."

செண்பகவல்லி படியிலேயே, டீயின் ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாகத் திரையில் பார்த்த பதினொன்றும் இருபத்தொன்றும் தினமும் இரண்டு வேளை அவளுக்கு டீ கொண்டுவந்திருக்கின்றன.

"அப்ப இப்ப வாங்க வேண்டியதுதானே? ஏன் யாரும் வாங்கல?"

"மணி என்ன? ராகு காலத்துல யாராவது காசு போடுவாங்களா? மூணு மணி ஆகட்டும்." அவர் தொடையைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார். "முன்ன சங்கத்துல முக்காவாசிப் பேரு பாத்தாலும், நான் இதை அவ்வளவு பாக்க மாட்டேன். ஆனா ராகு கேது பெயர்ச்சி ஆனதுலருந்து, ஒரு பதினாலு மாசம் இருக்கும், வெள்ளிக்கிழமை ராகு காலம் வந்தாலே கால் கனக்க ஆரம்பிச்சிரும். எனக்கு மட்டும் இல்ல, நாமக்கல்லுல இருக்கவனுக்கும் அப்படித்தான், நாகர்கோவில்ல இருக்கவனுக்கும் அப்படித்தான். புதன் வியாழன்ல அவ்வளவு தெரியாது. வெள்ளிக்கிழமை ராகு ரொம்பப் பொல்லாதது. அதுக்கப்புறம் சங்கத்துல ஒருத்தனும் ராகு காலத்துல பங்கைத் தொடுறதில்ல."

அவள் ஒரு கண்ணாடித் துண்டைப் படியோரம் ஒதுக்கினாள்.

"என் மக கல்யாணத்துக்கு வந்திருந்தீல்லா, போன ஆவணி. வெள்ளிக்கிழமைதான். ஒம்பதுலருந்து பத்தரை முகூர்த்தம். தாலி கட்டுற வரைக்கும் நின்னேன். போட்டோ எடுக்கையில மேடை ஏற முடியல. ஆல்பத்துல பாரு, எல்லாப் படத்துலயும் நாற்காலில உக்காந்துதான் இருப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, என்ன சம்பந்தி ஆசீர்வாதம் பண்ணக்கூட எந்திரிக்க மாட்டேங்காருன்னு பேசிக்கிட்டாங்களாம். என்ன செய்ய?"

அந்தக் கல்யாணம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆயிரத்தொரு ரூபாய் மொய் எழுதினாள். பத்தரை ஆனதும் பந்திக்குப் போகாமல், கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று போனில் விற்றாள். அன்றைக்கு நல்ல விலை, 406 வரைக்கும் இறங்கியது. வெற்றிலைப் பாக்குப் பை வாங்கும்போது, "என்ன அண்ணாச்சி, பொண்ணைக் கட்டிக் கொடுத்ததும் ஓய்வா?" என்று கேலி செய்துவிட்டுத்தான் வந்தாள்.

கால் மணி நேரத்தில் ஒத்திகை முடிந்து விலை ஏறிவிட்டது. திரையைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அண்ணாச்சியின் வலது கால் விரல்கள் முதலில் அசைந்தன, பிறகு இடது. கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். "சொன்னேன்லா" என்றார்.

"அண்ணாச்சி, இருங்க. ஒண்ணு சொல்லணும்." அவள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "அது ராகு இல்ல. நாந்தான்."

பதினாலு மாதக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். காலண்டர், பத்தரைக்கு விற்பது, கல்யாணத்தன்று விற்றது, நாளைக்கு நடக்கப்போவது எல்லாவற்றையும். தான் விற்றதால் கால் கனத்தது, கால் கனத்ததால் ராகுவின் மேல் பயம் வந்தது, பயத்தால் வாங்காமல் இருந்தார்கள், அதனால் தனக்கு விற்பது இன்னும் சுலபமானது என்று விளக்கினாள். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவள் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல புள்ளதான் போ. ஒத்தப் பொம்பளை, நீ மாடியில உக்காந்துக்கிட்டு, நாமக்கல்லு நாகர்கோவில்னு பதினோராயிரம் பேரு காலைக் கனக்க வச்சியாக்கும்? நான் படியில விழுந்ததைப் பாத்து பயந்துபோயிட்ட. அதான் இல்லாத பழியெல்லாம் தலைல இழுத்துப் போடுத. ராகு காலத்துல கால் எப்படி இருக்கும்னு எங்க உடம்புக்குத் தெரியாதா?"

"சத்தியமா அண்ணாச்சி..."

"சரி, அது கிடக்கட்டும். நாளைக்கு ஒரு லட்சம் விக்கப் போறாங்கன்னியே, அது நெசமா?"

"நெசம். பத்தரைக்கு."

அவர் முகம் மாறியது. அதை மட்டும் அவர் நம்பினார். சற்றுமுன் பத்தாவது படியில் கிடந்தவராயிற்றே.

"நாளைக்கு ஒருநாள் ராகு காலத்தைப் பாக்காம எல்லாரும் வாங்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

"சங்கத்துல அதைச் சொன்னா செருப்பால அடிப்பான். பதினோராயிரத்துல பத்துப் பேருகூடக் கேக்க மாட்டான்." கம்பியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "ஆமா, முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைக்கலாம்லா? விலை இங்க வந்தா வாங்கிக்கோன்னு?"

"போடலாம். ஆனா முன்னாடியே போட்டா எந்திரங்க கண்ணுக்குத் தெரியும்."

"தெரியட்டுமே. பத்தரை மணி பஸ்ஸுக்குப் போகணும், அப்ப ராகு காலம்னு வச்சுக்க. என்ன செய்வோம்? பத்து மணிக்கே பையைத் தூக்கிட்டுப்போய் பக்கத்து வீட்டுல வச்சிருவோம். அப்பவே புறப்பட்டதா கணக்கு. அப்புறம் எப்ப வேணாலும் பஸ் ஏறலாம். பரஸ்தானம்னு சொல்லுவாங்க. அது மாதிரி நாளைக்குப் பத்தேகாலுக்குள்ள எல்லாரும் ஆர்டரைப் போட்டு வச்சிரட்டும். போட்டது நல்ல நேரத்துல. அது எப்ப நிறைவேறுனா நமக்கு என்ன?" அவருக்கே தன் யோசனை பிடித்துப்போய்விட்டது. "இதைச் சொன்னா எவனும் மறுக்க மாட்டான்" என்றபடி படி இறங்கினார். உடைந்த கண்ணாடியை அவள் பொறுக்கினாள்.

மறுநாள் காலையில் டீ வரவில்லை. கடை திறந்திருந்தது, ஆனால் அண்ணாச்சி போனும் காதுமாக உள்ளேயே நடந்துகொண்டிருந்தார். செண்பகவல்லி திரையின் முன்னால் உட்கார்ந்து 412 என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரை, ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு முன்னூறு பங்குக்குத்தான் ஆர்டர் நின்றது. சங்கத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

பத்து ஐந்துக்கு ஆரம்பித்தது. 11. 11. 21. 11. 51. 101. 11. அவள் பார்க்கப் பார்க்க வரி ஓடியது. எண்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. பத்து இருபதுக்கு எழுபதாயிரம் ஆனது. இருபத்தைந்துக்குத் தொண்ணூற்றெட்டாயிரம். அதோடு நின்றுவிட்டது. அவள் தன் சொந்தக் கணக்கைத் திறந்தாள். இலுப்பையூரணி மனைக்கென்று சேர்த்திருந்த நாலு லட்சத்துச் சொச்சம் அதில் இருந்தது. எத்தனை பங்கு என்ற கட்டத்தில் 1001 என்று அடித்து, நல்ல நேரம் முடிவதற்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். கடைசி நிமிஷத்தில் பந்திக்கு ஓடி வருகிறவர்கள் எந்தக் கூட்டத்திலும் உண்டு. ஒரு லட்சத்து நாலாயிரம்.

பத்து இருபத்தெட்டுக்குப் பிரணவ் கூப்பிட்டான். குரலில் அவசரம் தெரிந்தது.

"மேடம், நானூத்திப் பன்னெண்டுல திடீர்னு மலை மாதிரி ஆர்டர் குவிஞ்சிருக்கு. எந்திரம் குழம்புது. யாரோ நம்மளைப் பயமுறுத்துறதுக்காகப் போட்ட போலி ஆர்டர், கடைசி நொடில தூக்கிடுவாங்கன்னு பாதி சொல்லுது. நிஜம்னு பாதி சொல்லுது. நிஜம்னா இன்னைக்கு விட்டுட்டு வேற நாள் பார்க்கணும். நீங்க மனுஷங்க, அதுவும் அந்தப் பக்கத்து ஆள். சொல்லுங்க, உங்க ஆளுங்க ராகு காலத்துல வாங்குவாங்களா?"

வாங்குவார்கள் என்று சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். இன்னொரு வெள்ளிக்கிழமை, பதினோராயிரம் பேரும் பையைப் பக்கத்து வீட்டில் வைக்க மறந்த ஒரு நாளில், எந்திரம் திரும்பி வரும். இன்றைக்கே விற்றுச் சூடு பட்டால்தான் அது இனி இந்தப் பக்கம் வராது. அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"ராகு காலத்துலயா? செத்தாலும் வாங்க மாட்டாங்க சார். பத்தரை அடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருவாங்க பாருங்க."

"நிச்சயமா?"

"நான் பொறந்து வளர்ந்த ஊரு சார்."

"ஓகே" என்று வைத்துவிட்டான்.

பத்தரை. எந்திரத்துக்கு ஒரு லட்சம் பங்கை விற்க நாலு நொடி பிடித்தது. போலி என்று நினைத்த ஆர்டர்கள் ஒன்றுகூட நகரவில்லை. ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இருந்தன. எண்பதாயிரம் மிச்சம், ஐம்பதாயிரம், பதினேழாயிரம். கடைசியில் நாலாயிரம் பங்குக்கு ஆர்டர் மிஞ்சியது. விலை 412-லேயே நின்றது. ஆரக்கால் இப்போது தன்னிடம் இல்லாத ஒரு லட்சம் பங்கை விற்றுவிட்டு நின்றது. சாயங்காலத்துக்குள் அவற்றைத் திரும்ப வாங்கியாக வேண்டும். வாங்கியவர்களோ விற்கிற உத்தேசத்தில் இல்லை. இன்றைக்கு யாரும் நானூற்றுப் பதினெட்டுக்கு விற்கக் கூடாது என்று அண்ணாச்சி கீழே போனில் கத்திக்கொண்டிருப்பது மாடி வரை கேட்டது.

பிரணவ் மூன்று தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. பத்து ஐம்பதுக்குத் திரை கறுப்பானது. 'உங்கள் அனுமதி ரத்து செய்யப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. எதிர்பார்த்ததுதான். கைபேசியில் விலையைப் பார்க்கலாம். பார்க்கத் துணியவில்லை. பன்னிரண்டு மணி வரை இன்னும் நேரம் இருந்தது. ஆரக்கால் இன்னும் ஒரு லட்சத்தைக் கொண்டுவந்து கொட்டினால் மிச்சமுள்ள நாலாயிரம் எந்த மூலைக்கு?

பதினொன்றே காலுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அவள் அசையாமல் உட்கார்ந்து எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு. ஒரே சீராக வந்தது. பத்தாவது படியைத் தாண்டியது. பதினைந்து, பதினாறு. எங்கேயும் நிற்கவில்லை, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கவில்லை. இருபத்திரண்டு.

பொன்னுலிங்கம் அண்ணாச்சி வாசலில் நின்றார். கையில் டீ, முகம் கொள்ளாத சிரிப்பு.

"தங்கச்சி, ஜெயிச்சிட்டோம்! நானூத்திப் பதினாறுல நிக்கி. இங்க பாரு, வெள்ளிக்கிழமை, பதினொண்ணேகால் மணி, நட்டநடு ராகு காலம். இருபத்திரண்டு படியும் நிக்காம ஏறிட்டேன். கால் கனக்கவே இல்ல, பஞ்சு மாதிரி..."

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு கறுப்பாகக் கிடந்த திரையையும் அதன் முன்னால் வெறும் கையோடு உட்கார்ந்திருந்த செண்பகவல்லியையும் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து போக வெகுநேரம் பிடித்தது.

"அப்ப நேத்து சொன்னது..."

"ஆமா அண்ணாச்சி."

"கல்யாணத்தன்னைக்கும்?"

"ஆமா."

அவர் மேஜைக்கு வந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் டீயை வைத்தார்.

"ஆறிரும், குடிச்சிருங்க" என்றார்.

அவர் இறங்கிப் போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு படியும், எங்கேயும் நிற்காமல்.